பேரன் கேட்ட கௌபாய் பிறந்தநாள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். ஜூனில் வரும்போது பேரனின் பிறந்தநாளை நம் வீட்டிலேயே கௌபாய் விருந்தாக வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். எனக்கும் அப்பாவுக்கும் முழுச் சம்மதம். தெருப் பிள்ளைகள், உன் சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்தால் இருபது பேர் வருவார்கள். ஆனால் நீ அனுப்பிய பட்டியலில் பொம்மைத் துப்பாக்கி, ஷெரிஃப் நட்சத்திரம், அம்பும் இறகுமாக ‘இந்தியர்’ வேஷம் என்றே பாதி இருக்கிறது. அதெல்லாம் வேண்டாம்மா. துப்பாக்கி சினிமாவில் இருந்துவிட்டுப் போகட்டும். அங்கே ‘இந்தியர்’ என்பது அமெரிக்க மண்ணின் பூர்வகுடிகளை, நிலத்தைப் பறிகொடுத்த ஜனங்கள் அவர்கள். அவர்களைத் துரத்திச் சுடுகிற ஆட்டத்தை நம் வாசலில் நான் நடத்த மாட்டேன்.

எங்கள் வயதுக்காரர்களுக்குக் கௌபாய் என்றாலே சினிமாவில் ஜெய்சங்கர் தொப்பி போட்டுக் குதிரையில் வந்ததுதான் ஞாபகம். ஆனால் உன் பிள்ளை ஆசைப்பட்டது டெக்சாஸில் ஃபோர்ட் வொர்த் ஊரில் நீளக்கொம்பு மாடுகளைத் தெருவோடு ஓட்டிக்கொண்டு போனதைப் பார்த்துத்தானே? மாட்டைப் பார்த்து வந்த ஆசை. அதைப் பிடித்துக்கொண்டே விருந்தை அமைப்போம். 1865-ல் அமெரிக்காவின் உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சாஸில் மாடு மலிந்து கிடந்தது, வடக்கே நல்ல விலை போனது. 1867-லிருந்து கான்சாஸில் அபிலீன் ரயிலடி வரைக்கும் மாட்டை நடத்தியே கொண்டுபோனார்கள். 2,000, 3,000 மாட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆள். ஒரு நாளைக்கு 15, 20 கிலோமீட்டர்தான் போக முடியும், இல்லாவிட்டால் மாடு இளைத்துவிடும். கயிறு வீசுகிற வித்தை மெக்சிகோ மாட்டுக்காரர்களிடம் கற்றது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கருப்பினத்தவரும் நிறையப் பேர் அந்த வேலையில் இருந்தார்கள். அறுப்பு முடிந்ததும் வயலில் கிடை போட ராமநாதபுரத்திலிருந்து ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு நம் பக்கம் வருகிற கீதாரிகளின் பாடுதான் அவர்களுக்கும். பேரனிடம் இதைக் கதையாகச் சொல்லிக் கூட்டி வா.

தெற்கு வெளியில் இப்போது ஒரு கீதாரி கிடை போட்டிருக்கிறார். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் நம் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும், அதுவரை இருப்பார் என்று நினைக்கிறேன். அவரை விருந்துக்குக் கூப்பிடப் போகிறேன். ஒரு குரல் கொடுத்து மொத்தக் கிடையையும் எப்படித் திருப்புகிறார் என்று பிள்ளைகள் நேரில் பார்க்கட்டும்.

விளையாட்டுக்கு வருகிறேன். முதலாவது, கன்று ஓட்டுவது. பலூன்தான் கன்று. ஊதுவதற்கு முன்னால் ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் அரிசி போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் சாயங்காலக் காற்றுக்கு எல்லாம் வாய்க்கால் தாண்டிப் போய்விடும். அரிசி இருந்தால் தரையோடு தத்தித் தத்தி, சலசலவென்று சத்தம் போட்டுக்கொண்டு, நினைத்த பக்கம் போகாமல் கோணலாக உருளும். கன்றுக்குட்டியும் அப்படித்தானே போகும்! பிள்ளைகள் கையால் தொடக்கூடாது. பனையோலை விசிறியால் விசிறியே களத்து மூலையில் கயிறு கட்டிய பட்டிக்குள் சேர்க்க வேண்டும். இரண்டு கட்சி, இரண்டு நிறம். எதிர்க்கட்சிக் கன்று பட்டிக்குள் வந்துவிட்டால் அதை ஓட்டிக்கொண்டு போய் அவர்களிடம் விட்டுவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடரலாம். வெடித்த பலூன் துண்டை உடனே பொறுக்க ஓர் ஆளை நிறுத்த வேண்டும். சின்னது வாயில் போட்டால் தொண்டையை அடைக்கும், மாடு தின்றாலும் ஆபத்து.

அடுத்தது கயிறு வீச்சு. நிஜக் கயிற்றில் சுருக்குப் போட்டு இந்த வயதுப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது, யார் கழுத்திலாவது விழுந்துவிடும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஓஸை வெட்டி, முனை இரண்டையும் ஒரு குச்சியில் சொருகினால் வளையம் ஆகிவிடும். வீசிப் பிடிக்க மாடு? கோணிச் சாக்கில் வைக்கோல் அடைத்துத் தலை செய்து, இரண்டு பக்கமும் காய்ந்த தென்னம்பாளையைக் கட்டச் சொல்லியிருக்கிறேன். டெக்சாஸ் மாட்டுக்குக் கொம்பு நுனிக்கு நுனி ஆறடிக்கு மேலும் போகுமாமே, இரண்டு பாளைக்கும் அந்த நீளம் வந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு ஐந்தடி தூரம், பெரியவர்களுக்குப் பத்தடி. நம் கன்றின் மேல் மட்டும் யாரும் வளையம் வீசக்கூடாது, இதை முதலிலேயே சொல்லிவிடுவேன். நம் உம்பளாச்சேரிப் பசு மாசியில் ஈன்ற கன்று இப்போது செவலையாக, நெற்றியிலும் காலிலும் வெள்ளை விழுந்து அவ்வளவு அழகாக இருக்கிறது. இன்னும் சில மாதம் போனால் சாம்பல் நிறத்துக்குத் திரும்பிவிடும். பேரன் அதற்குப் புல் கொடுக்கட்டும், தடவட்டும்.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ராத்திரியில் மாடு மிரண்டு ஓடாமல் இருக்க அங்கே காவல்காரர்கள் குதிரையில் சுற்றி வந்து பாடிக்கொண்டே இருப்பார்களாம். அதையே ஆட்டமாக வைக்கலாம். பாதிப் பிள்ளைகள் மாடாகப் படுத்துக்கொள்ளட்டும், இரண்டு பேர் சுற்றி வந்து பாடட்டும். தாலாட்டோ சினிமாப் பாட்டோ எதுவானாலும் சரி. பாட்டு நின்றால் மாடெல்லாம் எழுந்து ஓடும், மற்றவர்கள் மறித்துத் திருப்ப வேண்டும். ஓடி ஆடினவர்கள் சாப்பிடுவதற்கு முன்னால் கொஞ்சம் அடங்குவதற்கும் இது நல்லது. குதிரைக்குத் தென்னை மட்டை போதும், ஓரத்தைச் சீவித் துணி சுற்றிவிடலாம். அப்பா தஞ்சாவூரிலிருந்து பொய்க்கால் குதிரை ஆட்டக்காரர்களை வரவழைக்கலாம் என்கிறார். ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் பிள்ளைகள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற நாளாக இது ஆகிவிடக்கூடாது.

தீனி விஷயம். 1866-ல் சார்லஸ் குட்நைட் என்பவர் ராணுவ வண்டி ஒன்றின் பின்பக்கம் அலமாரி வைத்து, அதன் கதவையே கீழே சாய்த்தால் மேசையாகும்படி சமையல் வண்டி செய்தார். கொட்டகையில் கிடக்கிற நம் பழைய மாட்டு வண்டிக்கு மூங்கில் வளைத்து வேட்டியை மேலே கட்டினால் அதேதான். அந்த மாட்டுக்காரர்கள் அவரைக் கொட்டையும் ரொட்டியும் கடுங்காப்பியுமாகத் தின்று வழியைக் கழித்தவர்கள். நம் வயலில் இந்தக் கோடையில் எடுத்த பாசிப்பயறு மூட்டை நிற்கிறது. அதில் சுண்டல் செய்து தொன்னையில் கொடுக்கிறேன், மிளகாய் கிள்ளிப் போடாமல். மக்காச்சோளக் கதிரைக் கரியில் சுட்டு எலுமிச்சம்பழம் தேய்த்துத் தரலாம். வெயிலில் ஆடினவர்களுக்கு முதலில் பானகம், அப்புறம் நீர்மோர். காப்பிக்குப் பதில் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி, குட்டி எவர்சில்வர் டம்ளரில்.

கைமுறுக்கு கட்டாயம் வேண்டும். கயிறு திரிக்கிற மாதிரியே மாவைத் திரித்து வளையமாகச் சுற்றுவதால் இந்த விருந்துக்கென்றே பிறந்த பலகாரம் அது. ஒரு படி அரிசி மாவுக்கு ஓர் ஆழாக்கு வறுத்த உளுந்து மாவு, வெண்ணெய், எள், சீரகம். விரலில் எண்ணெய் தொட்டு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவைத் திருகிக்கொண்டே வர வேண்டும். முதல் நாளே உன் பெரியம்மாவும் நானும் சுற்றிவிடுவோம். நீயும் பக்கத்தில் உட்கார், உனக்கு இன்னும் கை வரவில்லை. கடலை மிட்டாயை நான்கு வயதுக்குக் கீழே உள்ளதுகளுக்குக் கொடுக்கக் கூடாது. கேக் வேண்டுமானால் திருத்துறைப்பூண்டியில் சொல்லிவிடலாம், ஆனால் மதியமே வாங்கி வைத்தால் கிரீம் உருகிவிடும்.

தொப்பி அங்கிருந்து வாங்கி வராதே. அவன் தலையில் மட்டும் விலை உயர்ந்த தொப்பி இருந்தால் மற்ற பிள்ளைகளின் முகத்தை என்னால் பார்க்க முடியாது. பனையோலை முடைகிறவரிடம் எல்லாருக்கும் ஒன்றுபோலச் சொல்லிவிடுகிறேன். கழுத்தில் கட்டக் காடாத் துணியை முக்கோணமாக வெட்டித் தைத்துக்கொள்ளலாம். உருளைக்கிழங்கில் அவரவர் முத்திரையைச் செதுக்கி, சாயம் தொட்டு, அவரவரே குத்திக்கொள்ளட்டும். அங்கே பண்ணைக்குப் பண்ணை மாட்டுக்கு முத்திரை உண்டு, அதற்குப் பதிலாக இது. வீட்டுக்குப் போகும்போது அதுவே பரிசு.

உட்கார வைக்கோல் கட்டு போட்டு மேலே பழைய ஜமுக்காளம் விரிப்பேன், இல்லாவிட்டால் தொடையெல்லாம் அரிக்கும். நாலரை மணிக்கு மேல் ஆரம்பித்தால் வெயில் தணிந்திருக்கும்.

நீ எனக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: பேரனுக்கு வேர்க்கடலை, பால், எள் எதுவாவது ஒத்துக்கொள்ளாமல் இருக்கிறதா, என்றைக்கு வந்து இறங்குகிறீர்கள், அவன் தலைச் சுற்றளவு எத்தனை அங்குலம். தொப்பிக்கு ஓலை இப்போதே நனைக்க வேண்டும் என்கிறார்கள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா