அம்மணிக்கு, அந்த வட்டிக் கணக்கு பத்தி

அம்மணி,

நேத்து போன்ல நீ குவாசர் குவாசர்னு, அதான் நடுவுல இருக்கற கருந்துளை கேஸை முழுங்கறப்ப பளிச்சுன்னு ஒளிர்ற தூரத்து கேலக்ஸிங்களைப் பத்தி, பேசிட்டே போனே, நான் ம்ம் போட்டுட்டே இருந்தேன், பாதி புரியல. அப்பறம் தூக்கமும் வரல, பழைய டைரியை எடுத்து கணக்கு போட்டு பாத்தேன். முப்பது வருஷம் பேங்க்ல வட்டி போட்ட கை, சும்மா இருக்குமா.

அந்த ஜே0313-1806ங்கற குவாசர், 2021 ஜனவரில அறிவிச்சாங்களே, அதுதான் எடுத்தேன். நாம பாக்கற அந்த வெளிச்சம் கெளம்புனப்ப பிரபஞ்சம் பொறந்து 67 கோடி வருஷம்தான், அதுக்குள்ள நடுவுல இருக்கற கருந்துளை 160 கோடி சூரியன் எடை! அதுவும் இஷ்டத்துக்கு முழுங்க முடியாது, உள்ள விழற கேஸ் சூடாகி அடிக்கற வெளிச்சமே பின்னாடி வர்ற கேஸை வெளிய தள்ளிடும், அந்த எடிங்டன் லிமிட்ல விடாம தின்னாக்கூட எடை டபுளாக சுமார் மூணரை கோடி வருஷம் ஆகும்னு சொன்னே. அட, இது கூட்டு வட்டிதானே.

அசல் 100 சூரியன்னு வச்சேன், மொதல் நட்சத்திரம் ஒண்ணு செத்து மிஞ்சுனது. 160 கோடி வர 24 தடவ டபுளாகணும், 84 கோடி வருஷம். டைமே பத்தல, அந்த நட்சத்திரம் பொறக்க ஆன காலத்தை நான் இன்னும் கழிக்கவே இல்ல. சரின்னு அசலை ஒரு லட்சம் சூரியனா மாத்துனேன், 14 தடவ போதும், 49 கோடி, கச்சிதமா உக்காந்துருச்சு. அப்ப வட்டில தப்பில்ல, அசல்தான் பெருசா இருந்திருக்கணும், நட்சத்திரமே ஆகாம கேஸ் மேகம் அப்படியே சரிஞ்சு கருந்துளை ஆயிருக்கணும். நம்ம கோயமுத்தூர்ல பொறந்த வானியல் விஞ்ஞானி பிரியம்வதா நடராஜன் ரொம்ப வருஷமா இதைத்தானே சொல்றாங்க. 2023ல சந்திரா, வெப்னு ரெண்டு விண்வெளி டெலஸ்கோப்பும் சேந்து புடிச்ச யூஎச்இசட்1ங்கற கேலக்ஸில கருந்துளை எடையும் மொத்த நட்சத்திரங்க எடையும் கிட்டத்தட்ட சமம்னு படிச்சேன், நம்ம பக்கத்து கேலக்ஸிங்கள்ல ஆயிரத்துல ஒரு பங்குதானாம்.

லிமிட்டை மீறியே தின்னிருக்கும்னு ஒரு கட்சி இருக்கில்ல, அதை ஓவர்டிராஃப்ட்னு எழுதிருக்கேன். நம்ம பால்வீதி நடுவுல 40 லட்சம் சூரியன் எடையோட சும்மா கெடக்கறது டார்மன்ட் அக்கவுண்ட். அம்மா பாத்துட்டு தலைல அடிச்சுக்கிட்டா.

ஒரு டவுட்டு. அந்த மூணரை கோடி, விழறதுல பத்து பர்சன்ட் வெளிச்சமா போயிடுதுன்னு வச்சுத்தானே? அது அஞ்சு பர்சன்ட்டா இருந்தா வெளிய தள்ற வெளிச்சம் கொறஞ்சு இன்னும் வேகமா திங்கலாம், டபுளாகற காலம் பாதிக்கும் கீழ வந்துடும், 100 சூரியன் அசலே போதுமே. அப்ப என் கணக்கு பூரா போச்சா? ஞாயித்துக்கெழம கூப்புடு, டைரியோட உக்காந்திருப்பேன்.

அப்பா