கடலில்லா ஊருக்கு ஒரு மணல் களம்

ஏற்காடு,
22-6-2025

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் சென்ற புதன்கிழமை கிடைத்தது. நாகப்பட்டினத்தில் வீட்டு வாசலிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் கடலைப் பார்க்கக்கூடிய உனக்கே தோன்றாத, கடற்கரைக் கால்பந்து ஆட ஒரு மணல் களம் அமைக்கும் ஆசை, மலைமேல் காப்பிச் செடிகளுக்கு நடுவே குடியிருக்கும் எனக்கு எப்படி வந்தது என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கும் பதில் என்னிடம் இல்லாததால் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே சாரல் தொடங்கிவிட்டது. காலையில் ஏரியைச் சுற்றி நடப்பதை முழங்கால் வலி குறைத்திருக்கிறதே தவிர நிறுத்தவில்லை. வீட்டில் எல்லோரும் நலம். அங்கே அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேரன் தன் கைப்பேசியில் ஒரு பழைய போட்டியின் பதிவைக் காட்டியதிலிருந்துதான் இது ஆரம்பித்தது. போர்ச்சுகலில் நசாரே என்று ஒரு மீனவ ஊர் இருக்கிறது. குளிர்காலத்தில் பல மாடி உயரத்துக்கு எழும் அலைகளுக்காக உலகம் அறிந்த அந்த ஊரில், கோடையில் கடற்கரை மணலில் உள்ள சிறிய விளையாட்டரங்கில் ஐரோப்பியக் கழகங்களுக்கான கடற்கரைக் கால்பந்துச் சாம்பியன் போட்டி பல ஆண்டுகள் நடந்திருக்கிறது. ‘யூரோ வின்னர்ஸ் கப்’ என்பது அதன் பெயர். ஒவ்வொரு நாட்டு லீக்கிலும் வென்ற கழகங்கள் ஒரே ஊரில் கூடி, ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் நாளுக்கொரு ஆட்டமாக ஆடி முடித்துக் கோப்பையைத் தீர்மானிக்கும் போட்டி அது. பேரன் ஊருக்குத் திரும்பிய பிறகும் நான் அந்தப் பதிவுகளைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவனுக்கு, தன் வேலைக் காலத்தில் இது கண்ணில் படாமல் போயிற்றே என்ற வருத்தம் உண்மையாகவே உண்டாயிற்று.

நீ கேட்ட கேள்விக்கு அந்தக் கோப்பையின் வரலாறே பாதிப் பதில் சொல்லிவிடுகிறது. 2013இல் இத்தாலியின் சான் பெனெடெட்டோ டெல் டிரோன்டோவில் நடந்த முதல் போட்டியில் கோப்பையை எடுத்துச் சென்றது எந்த ஊர் அணி என்று நினைக்கிறாய்? மாஸ்கோவின் லோகோமோட்டிவ். மாஸ்கோவிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் 600 கிலோமீட்டருக்குக் குறையாமல் பயணம் செய்ய வேண்டும். நம் சேலத்திலிருந்து புதுச்சேரிக் கடற்கரை 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். அவர்களை விட நாம் கடலுக்கு எவ்வளவோ பக்கத்தில் இருக்கிறோம். அடுத்து 2017, 2018, 2019 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்ற போர்ச்சுகலின் பிராகா கழகத்தின் ஊரும் கடலோரத்தில் இல்லை, உள்நாட்டில்தான் இருக்கிறது. நாட்டு அணிகளை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். 2009இல் துபாயில் நடந்த கடற்கரைக் கால்பந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரேசிலிடம் 10-5 என்று தோற்று இரண்டாம் இடம் பெற்றது, நாற்புறமும் நிலத்தால் சூழப்பட்ட சுவிட்சர்லாந்து. சென்ற மாதம் செஷல்ஸ் தீவில் நடந்து முடிந்த உலகக் கோப்பையின் இறுதியில் பிரேசிலை 4-3 வரை இழுத்துக்கொண்டு வந்த பெலாரசுக்கும் கடற்கரை கிடையாது. இவ்வளவு ஏன், 2023இல் சூரத்தில் நடந்த நம் நாட்டின் முதல் தேசியக் கடற்கரைக் கால்பந்துப் போட்டியில் கேரளத்தோடு இறுதி ஆட்டம் ஆடியது பஞ்சாப். கேரளம் 13-4 என்று வென்றது என்பது வேறு. கடலையே காணாத பஞ்சாபிப் பிள்ளைகள் அங்கு வரை வந்தார்களே, அதைச் சொல்கிறேன். பெயரில் கடற்கரை இருந்தாலும் இந்த ஆட்டத்துக்குத் தேவை மணல் மட்டுமே.

உலகக் கோப்பையை விட்டுவிட்டுக் கழகங்களின் போட்டியை நான் ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்று நீ நினைக்கலாம். நாட்டு அணி என்பது பன்னிரண்டு பேருக்குள் முடிந்துவிடும் காரியம். அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் எங்கோ இருக்கிறார்கள், அதில் உனக்கும் எனக்கும் செய்ய ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கழகத்தை ஓர் ஊரார் சேர்ந்து உண்டாக்கலாம். மாலையில் வேலை முடிந்து வரும் நாலு பேரும், பந்து வாங்கித் தர ஒரு கடைக்காரரும், விசில் ஊத ஒரு பழைய வாத்தியாரும் இருந்தால் போதும். பிராகா கழகத்துக்காக ஆடிய ஜோர்டான் சாந்தோசும், மார்ட்டின்ஸ் இரட்டையர்களான பே, லியோ ஆகிய இருவரும் 2019இல் பராகுவேயில் போர்ச்சுகலுக்கு உலகக் கோப்பையை வென்று கொடுத்த அணியில் இருந்தார்கள். இறுதியில் இத்தாலியை 6-4 என்று வென்றார்கள். முதலில் கழகம் தழைத்தது, அதன் பலனை நாடு அனுபவித்தது என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன். இந்த ஆட்டத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. நாட்டு லீக்குகள் கோடையில் சில வாரங்களே நடப்பதால், தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஒரே பருவத்தில் வெவ்வேறு நாட்டுக் கழகங்களுக்கு ஆடச் செல்கிறார்கள். பிரேசிலில் பழகிய கால் ஒன்று, பெயர் தெரியாத ஒரு சிறு கழகத்தின் பிள்ளைகளோடு ஒரு வாரம் தங்கி, உண்டு, ஆடிவிட்டுப் போகிறது. அந்த ஒரு வாரத்தில் அந்தப் பிள்ளைகள் கற்பதை எந்தப் பாடப்புத்தகமும் கற்பிக்காது. பெண்களுக்கான ஐரோப்பியக் கோப்பையும் 2016 முதல் நடக்கிறது என்று அறிந்தபோது, நம் ஊரில் பத்தாம் வகுப்போடு பந்தை மறந்துபோன எத்தனையோ பெண் பிள்ளைகளின் முகங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

ஆட்டத்தைப் பற்றி உனக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அணிக்கு ஐந்து பேர், பன்னிரண்டு நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். களத்தின் நீளம் 35 முதல் 37 மீட்டர், அகலம் 26 முதல் 28 மீட்டர். நடுக்கோடு என்று மணலில் எதையும் வரைவதில்லை. இரு பக்கமும் சிவப்புக் கொடிகளை நட்டு, அவற்றுக்கிடையே கோடு இருப்பதாக வைத்துக்கொள்கிறார்கள். சமநிலையில் எந்த ஆட்டமும் முடிவதில்லை, கூடுதல் மூன்று நிமிடமும் அதற்கு மேல் பெனால்டி உதைகளும் உண்டு. ஃப்ரீ கிக் எடுக்கும்போது எதிரணி சுவர்போல வரிசையாக நின்று மறிக்கக் கூடாது. உதைப்பவர் காலாலேயே மணலைக் குவித்து, சிறு மேடு கட்டி, அதன்மேல் பந்தை வைத்துக் குறி பார்ப்பதைக் காணும்போது, பிள்ளைப் பருவத்தில் நாம் கோலிக்குண்டுக்குக் குழி பறித்த கவனம் எனக்குத் தெரிந்தது. மேடும் பள்ளமுமான மணலில் பந்து உருளாது. உருட்ட முடியாத பந்தை உயர்த்தியே ஆக வேண்டும். ஆகவே இவர்கள் பாதத்தின் நுனியால் பந்தைக் கெண்டி எடுத்து, தொடையிலும் மார்பிலும் தாங்கி, தரையில் விழுமுன்பே அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள். விழுந்தாலும் மணல் தாங்கும் என்ற துணிவில், முதுகைத் தரைக்குக் கொடுத்துத் தலைக்கு மேலாக உதைக்கும் உதை ஓர் ஆட்டத்தில் பலமுறை வருகிறது. புல்தரையில் ஒரு பருவத்துக்கு ஒன்று பார்த்தாலே நாம் அதை ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருப்போம். மணலில் ஓடக் கெட்டித் தரையில் ஓடுவதை விட ஒன்றரை மடங்குக்கு மேல் ஆற்றல் செலவாகும். அதனால் ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக என் மனத்தைத் தொட்ட விதி ஒன்று உண்டு. களத்தில் யாரும் காலணி அணியக் கூடாது. கணுக்காலுக்குத் துணிப்பட்டை கட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். உலகச் சாம்பியனும் வெறுங்காலோடுதான் ஆட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டிக்கு எட்டுப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய், அவர்களில் மூவருக்கு பூட்ஸ் இல்லை என்பதற்காகப் போட்டியை நடத்தியவர்கள் களத்துக்குள் விட மறுத்ததால், இரவோடு இரவாகப் பேருந்தில் திரும்பி வந்ததை உனக்கு அப்போதே எழுதியிருந்தேன். அந்த மூவரில் ஒருவன் இப்போது தாரமங்கலத்தில் தறி ஓட்டுகிறான். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சிடம் 2-1 என்று தோற்ற நம் அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள் என்று வகுப்பில் நான் பெருமையாகச் சொல்லிக்கொடுத்த பாடம், அந்தப் பேருந்தில் என் தொண்டையில் முள்ளாக நின்றது. வெறுங்கால் இந்த ஆட்டத்தில் குறையாக எண்ணப்படாமல் விதியாகவே எழுதப்பட்டிருப்பதைக் கண்டபோது, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

உனக்கும் எனக்கும் இந்த ஆட்டம் புதியதும் அல்லவே. மேட்டூரில் தண்ணீரை நிறுத்திய பிறகு, பங்குனி சித்திரையில் பூலாம்பட்டிப் பக்கம் காவிரி ஒரு ஓரமாக ஒதுங்கிக்கொள்ள, அக்கரை நெருஞ்சிப்பேட்டை வரை விரிந்து கிடந்த வெள்ளை மணலில் நாம் ஆடியது என்ன? மூங்கில் கழி இரண்டு நட்டுக் கோல் கம்பம் வைத்தோம். காற்றுக் குறைந்த பந்து ஒன்றுதான் இருந்தது. மாமா வீட்டு விடுமுறை முடிந்து நீ சேலத்துக்குத் திரும்பும் நாளன்று கூட, பேருந்து வரும்வரை ஆற்றுக்குள்ளேயே நின்றோம். கதவணை கட்டிய பிறகு அங்கே ஆண்டு முழுவதும் நீர் தேங்கி நிற்கிறது, விசைப்படகு ஓடுகிறது. ஊருக்கு அது நன்மையே. ஆனால் நாம் ஆடிய களம் நீருக்கடியில் இருக்கிறது. இந்த மாதம் 12ஆம் தேதி டெல்டாவுக்காக அணையைத் திறந்திருக்கிறார்கள். உன் ஊர்ப் பக்கத்து வாய்க்காலுக்கு அந்தத் தண்ணீர் வரும்போது என்னை நினைத்துக்கொள்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியதற்கு வருகிறேன். பொதுப்பணித் துறையில் பொறியாளராக வாழ்நாள் முழுவதும் மணலையும் தண்ணீரையும் அளந்தவன் நீ. நான் இன்னும் வாரம் மூன்று நாள் கீழே இறங்கிச் சென்று பயிற்சி தரும் பள்ளியில், மைதானத்தின் கிழக்கு மூலையில் நீளம் தாண்டும் குழிக்கு அருகே ஓர் இடம் சும்மா கிடக்கிறது. முழு அளவுக் களம் என்றால், 40 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மணல் கொட்ட 414 கனமீட்டர் வருகிறது. நூறு கன அடிக்கு ஒரு யூனிட் என்ற நம் கணக்கில் 146 யூனிட். அது நம் சக்திக்கு அப்பாற்பட்டது. அதனால் 20 மீட்டருக்கு 15 மீட்டர் என்று சிறு பயிற்சிக் களம் ஒன்றைத் திட்டமிட்டிருக்கிறேன். அதற்கு 120 கனமீட்டர், ஏறக்குறைய 42 யூனிட் போதும். பழைய மாணவர்கள் சிலர் பொறுப்பேற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆண் பிள்ளைகள் பதினான்கு பேரும் பெண் பிள்ளைகள் ஒன்பது பேரும் இப்போதே பெயர் கொடுத்துவிட்டார்கள்.

என் கவலை மணலைப் பற்றியது. எம்-சாண்ட் எளிதில் கிடைக்கும், ஆனால் பாறையை உடைத்து எடுப்பதால் அதன் துகள் கூர்மையாக இருக்கிறது. வெறுங்காலில் ஒரு மணி நேரம் ஓடினால் பிள்ளைகளின் பாதம் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. வார்ப்பட ஆலைகளில் பயன்படுத்திக் கழித்த மணலை இலவசமாகத் தருவதாக ஒருவர் சொன்னார். அதில் கலந்திருக்கும் பசையும் மூச்சில் போகும் தூசியும் பிள்ளைகளுக்கு ஆகாது என்று மறுத்துவிட்டேன். நான் செய்தது சரிதானா என்று நீ சொல். ஆற்று மணல்தான் உருண்டு தேய்ந்த மணல், காலுக்கு இதமானது. அனுமதியோடு கிடைப்பது அரிது என்பது ஒருபுறமிருக்க, ஏற்கெனவே இவ்வளவு சுரண்டப்பட்ட காவிரியிலிருந்து விளையாட்டுக்கென்று 42 யூனிட் எடுக்க என் மனம் ஒப்பவில்லை. எம்-சாண்டிலேயே நன்றாகக் கழுவி, நுண்மையான பகுதியைச் சலித்தெடுத்தால் கூர்மை குறையுமா? கீழே ஜல்லி பரப்பி, அதன்மேல் வடிகட்டும் துணி விரித்து, பிறகு மணல் போட்டால் ஐப்பசி மழை தேங்காமல் இறங்குமா? நம் சேலத்து மண் எத்தன்மையது என்று உனக்குத் தெரியும். இன்னொன்று வெயில். சித்திரையில் பகல் பத்து மணிக்கு மேல் மணலில் கால் வைக்க முடியாது. காலை ஆறு முதல் ஏழரை வரையிலும், மாலை சூரியன் இறங்கியபின் தண்ணீர் தெளித்துவிட்டும் ஆடலாம் என்று நினைத்திருக்கிறேன். 300 சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கிட்டு எழுது. பள்ளியின் ஆழ்துளைக் கிணறு வைகாசியில் இளைத்துவிடும்.

உன் வீட்டுப் பக்கம் கடற்கரையிலிருந்து ஒரு பை மணல் அள்ளி, உலர்த்தி, அடுத்த முறை இங்கே வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்பு. களத்தில் கொட்டுவதற்காகக் கேட்கவில்லை. நான் சலித்தெடுக்கும் மணலைப் பக்கத்தில் வைத்து, விரலில் தேய்த்து, எவ்வளவு தூரம் ஒத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆடி பிறக்குமுன் நீயே வந்தால் இன்னும் நல்லது. பலா இன்னும் மரத்தில் இருக்கிறது.

உன் அன்பு நண்பன்