கோயம்பேட்டில் விட்டுவந்த குடை

கோவில்பட்டி,
24.1.2026

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன தீபாவளியன்று போகிறபோக்கில் போனில் ஒன்று சொன்னாய். "அன்றைக்குக் கோயம்பேட்டில் அந்த அக்கா வந்து உட்காரவில்லை என்றால் இன்றைக்கு நான் உன்னோடு பேசிக்கொண்டிருக்க மாட்டேன் அம்மா." சொன்ன கையோடு பேச்சை மாற்றி, அதிரசம் நன்றாக வந்ததா என்று கேட்டாய். வந்தது என்றேன். வரவில்லை. எண்ணெயில் போட்டதும் எல்லாம் உதிர்ந்துவிட்டது.

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. 2019 டிசம்பர் மாதம், பெண் பார்க்க வந்தவர்கள் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள், எனக்கு இது வேண்டாம், நான் ஒரு பெண்ணோடு வாழ நினைக்கிறேன் என்று நீ முன்கட்டில் நின்று சொன்ன நாள்தானே? அன்று இரவு உன் பையை எடுத்து வாசலில் வைத்தது நான். "இனி இந்தப் படியை மிதிக்காதே" என்றதும் நான். முப்பத்தொரு வருடம் அடுத்தவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாய் அது. அப்பா உனக்குத் தெரியாமல் பின்னாலேயே வந்து, நீ சென்னை பஸ்ஸில் ஏறும்வரை ஒரு கடை ஓரமாக நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாராம். அதை என்னிடம் சொல்லவே அவருக்கு மூன்று வருடம் ஆனது.

உனக்குத் தெரியாமல் நான் மார்கழியில் சென்னைக்குப் போய்வந்தேன். அக்காவின் எண்ணை உன் தோழியிடம் வாங்கினேன். (தோழி என்று எழுதியதை அடித்துவிட்டு, துணைவி என்று எழுதுகிறேன். தமிழ் ஆசிரியைக்கு இந்த ஒரு சொல்லுக்கு ஆறு வருடம்.) உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன். சொல்லவில்லை என்றால் அவளைக் கோபிக்காதே.

நெல்லை எக்ஸ்பிரஸில் போய் எழும்பூரில் இறங்கி, இரண்டு கிலோ கடலைமிட்டாயோடு முதலில் கோயம்பேட்டுக்குத்தான் போனேன். நீ உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். நம் ஊர்ப் பக்கத்துப் பஸ்கள் இப்போது அங்கே வருவதில்லை என்பது போன பிறகுதான் உறைத்தது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு எல்லாம் அங்கே போய்விட்டன. அத்தனை பெரிய நிலையத்தில் நம் நடைமேடை எது என்று சொல்ல ஆளில்லை. நான் தேடிப்போன துப்புரவுத் தொழிலாளி அம்மாளையும் யாருக்கும் தெரியவில்லை. பெயர் தெரியாது. பச்சை மேல்சட்டை போட்டிருந்தார் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு யாரைக் கேட்பது?

அவரைத்தான் நான் முதலில் பார்த்திருக்க வேண்டும். ஏனென்றால் உன்னை முதலில் பார்த்தவர் அவர். அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்: விடியற்காலையில் பெருக்கிக்கொண்டு வந்தபோது உன் காலைச் சுற்றிப் பெருக்கினாராம். ஒரு மணி நேரம் கழித்து வந்தபோதும் கால் அதே இடத்தில் இருந்ததாம். மூன்றாவது தடவை துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டு ஒரு டீ வாங்கி உன் பக்கத்தில் வைத்தார். மறுபடி வந்து பார்த்தால் டீயில் ஆடை கட்டியிருந்தது. மழை வேறு. பூச்சந்தைக்குப் போய்விட்டு அந்த வழியாகத் தினமும் வருகிற அக்காவை நிறுத்தி, "அங்கே ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது, முகம் சரியில்லை. நீ போய்ப் பார்" என்றிருக்கிறார். தான் போய்ப் பேசினால் மேஸ்திரி சத்தம் போடுவார் என்று பயம்.

நெற்குன்றத்தில் அக்காவின் வீடு ஒரே அறை. நீ நான்கு நாள் படுத்திருந்த பாய் இன்னும் மூலையில் சுருட்டி நிற்கிறது. வாசலில் நின்றபோது எனக்குக் கை நடுங்கியது. உனக்குத் தெரியாதது இல்லை, ரயிலில் திருநங்கைகள் கைதட்டும் சத்தம் கேட்டாலே பணப்பையை மடிக்குள் தள்ளிக்கொள்கிறவள் நான். புலவர் படிப்பு படித்த காலத்தில், தொல்காப்பியர் அவர்களை 'உயர்திணை மருங்கின்' வைத்து இலக்கணம் சொல்லும் நூற்பா வந்தபோது வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். நூற்பா மட்டும் இன்றும் மனப்பாடம்.

டீ கொடுத்தார். டம்ளரை வாங்கிப் பக்கத்தில் வைத்தேன்; எடுக்கவில்லை. கூச்சம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் கூச்சம் இல்லை அது. அவருக்கும் தெரியும். "ஆறிவிடும் அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பூக்கட்டத் தொடங்கினார். பேச்சுக்கிடையில் பார்த்தேன், ஆடை கட்டிவிட்டது. அதோடு எடுத்துக் குடித்தேன்.

அன்று நடந்ததை அவர் சொன்னபடியே எழுதுகிறேன், உனக்குப் பாதி நினைவிருக்காது. வந்து உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. மல்லிகையும் மரிக்கொழுந்துமாகக் கட்டிக்கொண்டிருந்தார். சாப்பிட்டாயா என்று ஒருமுறை கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. அதற்குள் ஒரு ஆள் வந்து, "ஏய், அந்தப் பெண்ணை விட்டுவிட்டு நகரு" என்று அவரை அதட்டியிருக்கிறான். விடிந்ததிலிருந்து உன்னைக் கடந்துபோன நூற்றுக்கணக்கான பேரில், உனக்காக என்று நின்ற ஒரே ஆள் அவன். அதுவும் அக்காவிடமிருந்து உன்னைக் காப்பாற்ற! நான் அந்த வழியாகப் போயிருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன் பாப்பா. நீதான் தலையை நிமிர்த்தி, "அவர் இருக்கட்டும்" என்றாயாம். அன்று நீ பேசிய முதல் வார்த்தை அது.

அவன் போன பிறகு அக்கா நேராகக் கேட்டார்: "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?"

இதைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அபசகுனமாக வாயில் வைக்காதே என்று வளர்த்தவள் அல்லவா? அப்படியெல்லாம் கேட்கலாமா என்று அக்காவிடமே கேட்டுவிட்டேன். எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தில் சில வருடம் களப்பணியாளராக இருந்தபோது சொல்லிக்கொடுத்தார்களாம். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது, இருக்கிற எண்ணத்தைச் சொல்ல ஓர் ஆள் கிடைக்கும் என்றார். மனநல மருத்துவர்களும் இதையேதான் சொல்கிறார்கள் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். "பெற்றவர்களை நினைத்துப் பார் என்று மட்டும் அந்த நேரத்தில் சொல்லவே கூடாது. அந்த மூட்டையைச் சுமந்துகொண்டுதானே அது வந்து உட்கார்ந்திருக்கிறது" என்றார். இதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. பூவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்த நாகரிகம் எனக்கு வராது.

பிறகு ஓர் உதவி எண்ணைப் போட்டு உன் கையில் கொடுத்தார். யாரோ ஒரு தன்னார்வலர் முக்கால் மணி நேரம் பேசினார், உன் பெயரைக்கூடக் கேட்காமல். பேசினார் என்று எழுதுவது தப்பு, நீ பேசியதைக் கேட்டார். சென்னையில் 1986இலேயே லட்சுமி விஜயகுமார் என்ற மனநல மருத்துவர் சினேகா என்ற அமைப்பை இதற்காகத் தொடங்கியிருக்கிறார். அப்போது நான் வேலையில் சேர்ந்த புதிது. இத்தனை வருடத்தில் ஒரு மாணவிக்காவது அப்படி ஓர் இடம் இருக்கிறது என்று சொன்னதில்லை. இப்போது அரசின் மனநல உதவி எண்ணான 14416ஐச் சமையலறைக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன். அது 2022இல் வந்த எண், இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசுகிறார்கள். காஸ் போடுகிற பையன், இது யார் நம்பர் அம்மா என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனான். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஊர் திரும்பும்போது ரயிலில் ஒன்றை யோசித்துக்கொண்டே வந்தேன். பெற்றவள் என்னால் முடியாதது, உன் பெயர்கூடத் தெரியாத மூன்று பேரால் எப்படி முடிந்தது? அவர்களுக்கு உன்னிடமிருந்து ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது. ஒரு மாப்பிள்ளை வேண்டும், பேரப்பிள்ளை வேண்டும், தெருவில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும். இத்தனையையும் நீதான் கொண்டுவந்து தர வேண்டும் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றவளுக்கு உன் முகம் எப்படித் தெரியும்?

அந்த 2019ஆம் வருடம் ஏப்ரலில் உன்னை மதுரைக்கு ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போனேனே, அதைப் பற்றி நாம் இதுவரை பேசியதே இல்லை. ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்று அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நீ தூங்கித் தூங்கி விழுந்தாய். மருந்து வேலை செய்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். இது நோயே இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் அதற்கு முந்தைய வருடமே சொல்லியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அந்த மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவரை நான்தான் தேடிப் பிடித்தேன், அவர் நம் வீட்டுக் கதவைத் தட்டவில்லை.

மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கைப் படித்தேன். அவர்களுக்கும் தங்க இடம் கொடுத்தவர்கள் முன்பின் தெரியாதவர்கள்தான். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், எனக்கு இதுபற்றிச் சரியாகத் தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளர் முன்னால் தானே போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு 2021 ஜூன் 7 அன்று உத்தரவு எழுதியிருக்கிறார். மாற்றுகிறேன் என்று சொல்லிச் செய்யும் சிகிச்சைகளுக்கு அதில்தான் தடை வந்தது. உயர் நீதிமன்ற நீதிபதி மாணவனாக உட்காரும்போது எனக்கென்ன கௌரவம் என்று தோன்றியது.

இன்னொரு தீர்ப்பு போன வருடம் மே மாதம் வந்தது. பெற்றவர்கள் பிடித்து வைத்திருந்த மகளை அவளுடைய துணைவி மனுப் போட்டு மீட்ட வழக்கு. கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்க வழி என்று இல்லை, தேர்ந்தெடுத்துக்கொள்ளும் குடும்பமும் உண்டு என்று நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தைத்தது வேறு ஒரு வரி. நீதிபதி லெய்லா சேத், தன்பால் ஈர்ப்புள்ள தன் மகனுக்காகப் பகிரங்கமாகக் குரல் கொடுத்தவர். இந்தத் தாய் லெய்லா சேத் இல்லை, ஆனால் அவருடைய மனநிலை புரிகிறது என்று அந்த அம்மாளைப் பற்றி எழுதியிருந்தார்கள். நீதிமன்றத்தில் நின்ற அந்த அம்மாளின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். பொருத்தமாகத்தான் இருந்தது.

நான் ஒரே நாளில் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதே. உன் அத்தை கேட்டால் இன்னமும், பெங்களூரில் வேலை, இப்போதைக்குக் கல்யாணப் பேச்சு இல்லை என்றுதான் சொல்கிறேன். இந்தப் பொங்கலுக்கும் அதையே சொன்னேன். சொல்லி முடித்ததும் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

கிளம்பும்போது அக்காவிடம் ஓர் உறையில் ஐயாயிரம் ரூபாய் வைத்து நீட்டினேன். கடலைமிட்டாயை மட்டும் எடுத்துக்கொண்டார். பதினைந்து வயதில் வீட்டை விட்டு வந்தவரை மகளாக எடுத்து வளர்த்த ஒரு மூத்த திருநங்கையின் படம் சுவரில் மாலையோடு இருக்கிறது. அதைக் காட்டி, "இவர் என்னிடம் வாங்கியிருந்தால் நானும் வாங்கலாம்" என்றார். பிறகு கட்டிலுக்கடியில் குனிந்து ஒரு குடையை எடுத்து என்னிடம் கொடுத்தார். நீ விட்டுவந்தது. எட்டாம் வகுப்பில் நான் வாங்கிக் கொடுத்த நீலப் பூப்போட்ட குடை. ஆறு மழைக்காலமாக அவரிடம் இருந்திருக்கிறது.

ஒரு கம்பி ஒடிந்து, கைப்பிடி ஆடுகிறது. மார்க்கெட் பக்கம் குடை ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்திருக்கிறேன். இந்தத் துணிக்குப் புதுக் கம்பி தாங்காது, வேறு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். தாங்குகிற அளவுக்குப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த சனிக்கிழமை கிடைக்கும்.

அன்புடன்,
அம்மா