பாப்பாவுக்கு, அந்த மழைப் படம் பத்தி

அன்பு பாப்பா,

நாங்க சொகம். போன்ல பேசுனா நீ அவசரத்துல வச்சிருவ, அதான் எழுதுறேன்.

எவ்வளவு மழ பேஞ்சா மண்சரிவுக்கு பயந்து கெளம்பணும்னு மொதல்ல ஒரு கிராஃப் அனுப்புனியே, அது நம்ம தேயிலத் தோட்டத்து லயத்து வீடுகள்ல யாருக்கும் வெளங்கல, பக்கத்து வீட்டு அக்கா இது கொழுந்து நிறுவக் கணக்கான்னு கேட்டாங்க. ஆனா அதயே நீ வரைஞ்ச இந்த சித்திரக்கதைய, கொழுந்து நிறுக்கிற மடுவத்துல தராசுக்கு நிக்கிறப்ப காட்டுனேன், கொழுந்துக் கறக் கையோட அத்தன பேரும் குனிஞ்சி பாத்தாங்க. நாலு கட்டத்துலயும் அதே லயம் அதே வாசப்படி, மழைய புடிக்கிற போத்தல்ல தண்ணி மட்டும் ஏறுது, ஒரு நாள் மழ 75 மில்லிமீட்டர்னா கவனம், 100னா கெளம்ப ரெடியா இரு, 150னா வெளியேறு. பக்கத்துல அடிமட்டத்த வரைஞ்ச பாரு, அதுதான் புடிச்சிச்சு, 15 சென்டிமீட்டர் சின்ன அடிமட்டம் முழுசா முங்குனா ஓடணும்னு அண்ணன் மகன் தானாவே சொன்னான்.

ரெண்டு எடம் மாத்தணும்மா. 75 தண்ணி 150ல சரிபாதி ஒசரம் இருக்கணும், நீ கதைக்காக கொஞ்சம் கூட்டி வரைஞ்சிருக்க, அது வேணாம், சனங்க அத நம்பித்தான் அளப்பாங்க. அப்புறம், ஒரு மணித்தியாலத்துலயே 75 பேஞ்சாலும் ஓடணும்ல, அது உன் படத்துல இல்ல. நாள் கணக்க மட்டும் பாத்தா 75தானேன்னு உள்ளயே படுத்திருப்பாங்க. ரெண்டு கட்டம் போடு, மொத கட்டத்துல கடியாரம் எட்டு, போத்தல் காலி, அடுத்ததுல ஒம்பது, பாதி அடிமட்டம் தண்ணி, பாட்டி பேரன தூக்கிட்டு வாசல் தாண்டுறாங்க. வேகத்த எழுதி வெளங்க வைக்க முடியாது, ரெண்டு கட்டத்துக்கு நடுவுல இருக்க இடைவெளியே சொல்லிரும்.

பலூனுக்குள்ள "வெளியேற்றப்படல்"னு எழுதாத. "புள்ளைங்கள தூக்கு, வா"ன்னு போடு. போற எடத்தயும் கடைசி கட்டத்துல வரை, கோயில் மண்டபமா ஸ்கூலான்னு கேட்டாங்க, நான் முழிச்சேன். நம்ம மலைக்கு எது பத்திரம்னு கிராம சேவகர்கிட்ட கேட்டு சொல்றேன், அதுக்கப்புறம் வரை.

2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தைத் தோட்டத்துல மண்சரிஞ்சி சனங்க லயத்தோட மண்ணுக்குள்ள போனாங்களே, அந்த காலையில நான் கொழுந்து கூடைய எறக்கி வச்சிட்டு அழுதது ஒனக்கு ஞாபகம் இருக்கும். அதனாலதான் இப்படி நச்சரிக்கிறேன்.

தீவாளிக்கு வர்ற வரைக்கும் வச்சிருக்காத, ஐப்பசி மழ முந்திரும். பெருசா பிரிண்ட் எடுத்து, நனையாம லேமினேட் பண்ணி, பஸ்ல குடுத்து விடு. காலையில வேல பிரிக்கிற பிரட்டுக்களத்து சுவத்துல ஒட்ட அப்பா எடம் பாத்து வச்சிட்டாரு.

அம்மா