ஏலக்காய்ப் பொட்டலமும் கடைவீதி வாட்ஸ்அப் குழுவும்

அன்பு நண்பா,

நலம், நலமறிய ஆவல். உன் நீண்ட கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து மீண்டும் கடைக்குப் போய் உட்காரத் தொடங்கிவிட்டாய் என்பதில் எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் மிகுந்த மகிழ்ச்சி. இங்கே கோயம்புத்தூரில் மகன் வீட்டில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. கோவில்பட்டி வெயிலில் ஊறிய உடம்பு என்பதால் ஆடிக் காற்று அடித்தாலே போர்வையைத் தேடுகிறேன், அவ்வளவுதான். பேத்தி முதல் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். மற்றச் செய்திகள் இருக்கட்டும். நீ கேட்டிருக்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேறு எதை எழுதினாலும் உன் மனம் அதில் நிற்காது என்று எனக்குத் தெரியும்.

உன் கடையில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கும் 19 வயதுப் பையன், ஐம்பது கிராம் ஏலக்காய்ப் பொட்டலங்களைத் தன் சாப்பாட்டுத் தூக்குவாளியில் போட்டு வெளியே கொண்டுபோய், ஒரு தேநீர்க் கடைக்குப் பாதி விலைக்கு விற்று வந்திருக்கிறான். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த தூக்கை எதற்கோ எடுத்த நீ, அதில் குழம்பு வாசனைக்குப் பதிலாக ஏலக்காய் மணக்கிறதே என்று கேட்டதும், அவன் அழுது ஒப்புக்கொண்டிருக்கிறான். கணக்குப் பார்த்ததில் 4,000 ரூபாய்க்குச் சற்று மேல் வருகிறது. தங்கச்சி, 'சின்னப் பையன், தெரியாத்தனமாகச் செய்துவிட்டான், விட்டுவிடுங்கள்' என்கிறார். உன் மகன், இன்று இவனை விட்டால் நாளை எல்லோரும் எடுப்பார்கள், காவல் நிலையத்தில் புகார் கொடுத்தே ஆகவேண்டும் என்கிறான். நீயோ இரண்டுக்கும் நடுவே, புகாரும் வேண்டாம், வேலையும் வேண்டாம், அவன் படத்தைக் கடைவீதிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு எல்லோரையும் எச்சரித்துவிடலாமா என்று கேட்கிறாய்.

முதலில் தங்கச்சி சொல்வதை எடுத்துக்கொள்கிறேன். அவருடைய இரக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் சொல்லும் காரணம் எனக்கு ஒப்பவில்லை. கை தவறிப் பொட்டலம் தூக்குக்குள் விழவில்லை. எந்தச் சரக்கு சிறியது, எது விலை கூடியது, எந்த நேரத்தில் நீ பூசைக்கு எழுந்து போவாய், யார் கேள்வி கேட்காமல் வாங்குவார் என்பதையெல்லாம் யோசித்துச் செய்த காரியம் அது, அதுவும் மாதக்கணக்கில் தொடர்ந்தது. அதை அறியாமல் நடந்த பிழை என்று நாமே எடுத்துக்கொடுத்துவிட்டால், அவன் ஒப்புக்கொள்வதற்கும் திருப்பித் தருவதற்கும் எதுவும் மிச்சமிராது. மன்னிப்பதானால் நடந்ததைத் திருட்டு என்று தெரிந்தே மன்னிக்க வேண்டும் என்பது என் கருத்து.

உன் மகன் சொல்வதற்குச் சட்டத்திலிருந்தே பதில் சொல்ல முடியும். நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நீட்டி எழுதுவேன், பொறுத்துக்கொள். 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆவது பிரிவு, திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாகவும், குற்றவாளி முதன்முறையாகத் தண்டிக்கப்படுபவராகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், அவருக்குச் சமுதாய சேவையே தண்டனை என்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இப்படியொரு வாசகம் கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உன் கடைப் பையனுக்கு அது எட்டாது. வேலைக்காரர் தம் முதலாளியின் வசமுள்ள பொருளைத் திருடினால் அதற்குத் தனிப் பிரிவு 306; அதில் ஏழு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு, ஐயாயிரம் ரூபாய்ச் சலுகை இல்லை. சாலையோரத்தில் நிறுத்திய சைக்கிளிலிருந்து பையை எடுத்தவன் தெருக்கூட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஐம்பது கிராம் ஏலக்காய் எடுத்த கடைப் பையன் ஏழு ஆண்டுப் பிரிவில் கூண்டில் நிற்பான். நம்பிக்கையை உடைத்தவன் என்பதால் இந்தக் கடுமை என்று விளக்கம் சொல்வார்கள். அப்படியானால் கடைக்காரரை நம்பி வரும் வாடிக்கையாளருக்கு எடை குறைத்துக் கொடுத்தால் என்ன தண்டனை என்று பார்: 2009ஆம் ஆண்டு எடையளவுச் சட்டத்தின் 30ஆவது பிரிவில் முதல் முறைக்கு வெறும் அபராதம், அதுவும் 10,000 ரூபாய்க்குள். உன்னைக் குத்திக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை, உன் தராசு எனக்குத் தெரியும். ஆனால் கடைவீதியில் கூச்சல் போடுகிறவர்களில் சிலருடைய தராசையும் எனக்குத் தெரியும்.

புகார் கொடுத்தாலும் அவன் சிறைக்குப் போகமாட்டான் என்றே வைத்துக்கொள். 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம், இத்தகைய திருட்டில் முதன்முறை சிக்கியவரை எச்சரித்து விட்டுவிட நீதிபதிக்கு இடம் தருகிறது. 21 வயதுக்கு உட்பட்டவரைச் சிறைக்கு அனுப்புவதானால் ஏன் அனுப்புகிறோம் என்று காரணம் எழுதவும் சொல்கிறது. ஆனால் அந்த எச்சரிக்கையைக் கேட்பதற்கு முன் அவன் எத்தனை வாய்தாவுக்கு அலைவான், அந்த நாட்களின் கூலி என்ன ஆகும், வராந்தாவில் அவன் அருகில் யார் யாரெல்லாம் நிற்பார்கள் என்பதை நான் ஆண்டுக்கணக்கில் பார்த்தவன். அந்த வராந்தாவில் இவன் வயதுப் பையன்களுக்குக் கிடைக்கும் நட்பு நல்ல நட்பல்ல. இன்னொன்று: களவுப் பொருள் என்று தெரிந்தே வாங்கியவருக்கும் மூன்று ஆண்டு வரை தண்டனை உண்டு. பாதி விலைக்கு ஏலக்காய் வாங்கிய அந்தத் தேநீர்க் கடைக்காரரைப் பற்றி உன் மகனும் பேசவில்லை, நீயும் ஒரு வரி எழுதவில்லை.

இனி உன் யோசனைக்கு வருகிறேன். மூன்றில் மென்மையானது அதுதான் என்று நீ நினைத்திருக்கிறாய். எனக்கு அதுதான் மூன்றிலும் கொடியதாகப் படுகிறது. நீதிமன்றத் தண்டனைக்கு ஒரு முடிவுத் தேதி உண்டு. நூறு கைப்பேசிகளில் போய்ச் சேர்ந்த படத்துக்கு அது கிடையாது. நம் பக்கத்தில் ரேகைச் சட்டம் என்று சொல்வார்களே, சில சமூகத்தாரைப் பிறவிக் குற்றவாளிகள் என்று பேரேட்டில் பதிந்து கைரேகை வாங்கிய அந்தக் குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்து 1947இல் நீக்கப்பட்டது. ஆனால் ஒருமுறை பேரேட்டில் ஏறிய பெயரை ஊர் எத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தது என்பதை நம் தகப்பனார்கள் காலத்துப் பேச்சிலேயே நாம் கேட்டிருக்கிறோம். இந்தப் பையன் இந்தக் கடைவீதியில் வேலை கேட்டு எங்கு போனாலும் அந்தப் படம் அவனுக்கு முன்னால் போய் நிற்கும். எங்கும் வேலை கிடைக்காதவன் அடுத்து என்ன செய்வான் என்பதை நீயே யோசித்துப் பார்.

இங்கிருந்து ஆனைகட்டி வழியாகப் போனால் கேரளத்து அட்டப்பாடி. 2018 பிப்ரவரி 22ஆம் தேதி, மது என்னும் பழங்குடி இளைஞரை, அரிசியும் மளிகைச் சாமானும் திருடினார் என்று சொல்லிக் காட்டுக்குள் தேடிப் பிடித்து, கைகளைக் கட்டி, அடித்து இழுத்து வந்தார்கள். அவர் மனநலம் குன்றியவர். கட்டுண்டு நிற்கும் அவரைப் படமெடுத்துக் கைப்பேசியில் பரப்பவும் செய்தார்கள். காவலர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் வழியில் அவர் உயிர் போய்விட்டது. 2023 ஏப்ரலில் மண்ணார்க்காட்டுத் தனி நீதிமன்றம் 13 பேருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதித்தது. உன் கடைவீதி அப்படிச் செய்யும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் படத்தைப் போட்ட பிறகு அதைப் பார்த்தவர் என்ன செய்வார் என்பது உன் கையில் இராது.

இதற்கு நம் முன்னோர் வைத்திருந்த ஒரு வழி உனக்கு நினைவிருக்கும். உங்கள் பெரியம்மா வீட்டுக் கல்யாணத்தில் ஒரு சோடித் தோடு காணாமல் போனபோது, பெண்களில் சிலர் சத்தம் போடத் தொடங்கியதும், உன் தாத்தா யாரையும் சோதனை போடக் கூடாது என்று தடுத்துவிட்டார். அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, வீட்டில் இருந்த பெரியவர் சிறியவர் அத்தனை பேரும் ஆளுக்கொரு சாணி உருண்டை பிடித்து இருட்டுக்குள் வந்து முற்றத்து அண்டாவில் போட்டுவிட்டுப் போகவேண்டும் என்றார். விடியற்காலையில் அண்டாவில் தண்ணீர் ஊற்றிக் கரைத்தார்கள். தோடு இரண்டும் அடியில் கிடந்தன. சாணி நாறும் தோட்டைக் கழுவிப் பெரியம்மா காதில் போட்டுக்கொண்டார், பந்திக்கு இலை போட்டார்கள், யார் என்று அன்றும் கேட்கவில்லை, அதன் பிறகும் கேட்கவில்லை. அந்த முறையில் குறை உண்டு. எடுத்தவர் வாயால் ஒப்புக்கொள்ளவே இல்லை, பெரியம்மாவுக்கு ஒருவர்மேல் சந்தேகம் கடைசிவரை இருந்தது. ஆனாலும் பொருள் திரும்பியது, ஒரு குடும்பத்தின் பெயர் கெடவில்லை. வீட்டுப் பெரியவர்கள் திருட்டைச் சின்ன விஷயமாக நினைத்திருந்தால் இரவெல்லாம் விழித்து இவ்வளவு ஏற்பாடு செய்திருக்கமாட்டார்கள்.

உனக்கு ஆள் யார் என்று தெரிந்துவிட்டதால் உன் வேலை இன்னும் எளிது என்றும் சொல்லலாம், கடினம் என்றும் சொல்லலாம். நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். கடை சாத்திய பிறகு அவனை மட்டும் உட்காரவைத்து, எடுத்தது எவ்வளவு என்பதை அவன் வாயாலேயே சொல்லச் செய்து, அந்தத் தொகையை மாதம் 500 ரூபாயாகச் சம்பளத்திலிருந்து திருப்பித் தரச் சொல்வேன். அதற்குமேல் ஒரு காசு வாங்கமாட்டேன். ஒப்புதல் கடிதம் எழுதி வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளவும் மாட்டேன். அது நாளைக்குக் கோபத்தில் எடுத்து நீட்டுவதற்கு மட்டுமே உதவும். அவன் தகப்பனாரைக் கடைவீதிக்கு வரவழைத்து நாலு பேர் பார்க்க நிற்கவைப்பதும் வேண்டாம். ஏலக்காய், முந்திரி, குங்குமப்பூ இருக்கும் அலமாரிச் சாவி இனி உன் இடுப்பில் இருக்கட்டும். அவனைக் கொஞ்சக் காலம் மூட்டை இறக்குகிற பக்கம் வைத்துக்கொள். எதற்காக அந்தப் பணம் தேவைப்பட்டது என்று கேள், ஆனால் கடைசியாகக் கேள். முதலிலேயே கேட்டால் அவன் காரணத்தைச் சாக்காக்கிக்கொள்வான், நீயும் இளகிவிடுவாய்.

இருபது ஆண்டுகளாக ஒரு கிராம்பைக்கூட எடுக்காமல் உன் கடையில் நிற்கும் அந்தப் பெரியவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவருக்கு விஷயம் அநேகமாகத் தெரிந்திருக்கும். எடுத்தவனுக்கும் எடுக்காதவனுக்கும் முதலாளி ஒரே மாதிரிதானா என்று அவர் மனத்தில் தோன்றினால் அது நியாயமான வருத்தம். அவரிடம் மட்டும் நடந்ததைச் சொல், பணம் திரும்பி வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல். அவர் வெளியே பேசமாட்டார். அவருக்கு நீ சம்பளம் கூட்டி எத்தனை நாளாயிற்று என்பதையும் இந்தச் சாக்கில் யோசித்துக்கொள்.

ஒரு கேள்விக்கு மட்டும் எனக்கே உறுதியான பதில் இல்லை. கடனை அடைத்து முடித்த பிறகு அவன் வேறு கடைக்குப் போய், அந்தக் கடைக்காரர் உன்னிடம், 'பையன் எப்படி?' என்று கேட்டால் என்ன சொல்வாய்? அவரும் உன்னைப் போலச் சரக்கை நம்பி ஒப்படைக்கிறவர்தானே. யோசித்துப் பார்த்ததில், 'உழைப்பாளி, புதிதில் சரக்கறைச் சாவியைக் கொடுக்காதீர்கள்' என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. எந்தப் புதுப் பையனுக்கும் பொருந்துகிற பேச்சு அது, பொய்யும் ஆகாது. இதில் உனக்கு வேறு எண்ணம் இருந்தால் எழுது. பங்குனித் திருவிழாவுக்குச் செண்பகவல்லி அம்மன் கோயிலுக்கு வருவதாக இருக்கிறோம். அதற்குள் அந்தத் தேநீர்க் கடைக்காரரிடமும் நீ ஒரு வார்த்தை பேசியிருப்பாய் என்று எதிர்பார்க்கிறேன். தங்கச்சியிடமும் மகனிடமும் எங்கள் அன்பைச் சொல்.

என்றும் உன் அன்புள்ள,
பழைய பெஞ்சுத் தோழன்