மிதி ஆர்கனுக்கு வெள்ளைப் பசை வேண்டாம்

ஆசிரியருக்கு,

கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஆலயங்களில் வெள்ளையடிப்பு தொடங்கும். பெஞ்சுக்கு வார்னிஷ் பூச வரும் தச்சரிடமே, மூலையில் கிடக்கும், காலால் மிதித்து வாசிக்கும் மிதி ஆர்கனையும் “கொஞ்சம் பாருங்க” என்று விட்டுவிடுகிறார்கள். சேலத்திலோ ஏற்காட்டிலோ பழைய ஆர்கன் வைத்திருப்பவர்கள் அஞ்ச வேண்டிய கட்டம் இதுதான். தச்சரைச் சொல்லிக் குற்றமில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அது அலமாரி மாதிரிதான் இருக்கிறது.

ஓசை குறைந்ததும் “ரீடு போச்சு” என்று முடிவு கட்டுவது தவறு. காற்றில் அதிர்ந்து ஓசை தரும் நாக்குள்ள பித்தளைத் தகடான ரீடு நூறாண்டு தாண்டியும் உழைக்கும். முதலில் போவது தோலும் துருத்தித் துணியும். அமெரிக்க வகை ஆர்கனில் மிதிக்க மிதிக்க உள்ளிருக்கும் காற்று வெளியேறும். வெளிக்காற்று ரீடு வழியாக உள்ளே இழுபடும். கூடவே தூசியும் வரும். ரீடின் நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான். ஒரு சுண்ணாம்புத் துகள் சிக்கினால் அந்தச் சுரம் ஊமை. அதனால் வெள்ளையடிக்கும் முன் கருவியை முழுக்க மூடிக் கட்டுங்கள்.

ஊமையான ரீடைக் கொக்கியால் இழுத்து, உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, அதே குழியில் செருகினால் போதும். 61 கட்டை (விரலால் அழுத்தும் விசை), இரண்டு வரிசை என்றால் 122 ரீடு. மொத்தமாகக் கழற்றுவதாக இருந்தால் எண் போட்ட அட்டையில் வரிசை மாறாமல் வையுங்கள். குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுத் தேய்த்தால் உலோகம் அரிக்கப்பட்டுச் சுருதி நகரும். எண்ணெய் விட்டால் தூசி ஒட்டும்.

கீபோர்டின் சுருதியோடு சேரவில்லை என்று ரீடைச் சுரண்டுவது இன்னும் மோசம். நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். இரண்டிலும் உலோகம் தேய்ந்து ஒருநாள் நாக்கு முறியும். பெரும்பாலான மின்னணுக் கீபோர்டுகளில் சுருதியை நுணுக்கமாக மாற்றும் வசதி உண்டு. கீபோர்டை ஆர்கனின் சுருதிக்கு மாற்றுங்கள்.

துருத்தியைச் சோதிக்க ரீடு வரிசைகளைத் திறந்து மூடும் குமிழ்களான எல்லா ஸ்டாப்பையும் மூடி, நன்றாக மிதித்துவிட்டுக் காலை எடுங்கள். அரை நிமிடமாவது தாங்க வேண்டும். சில நொடிகளில் தளர்ந்தால் துணியின் மடிப்பில் விரிசல், அல்லது தோல் வால்வு காய்ந்து சுருண்டிருக்கும். இங்கேதான் ரெக்ஸினும் வெள்ளைப் பசையும் நுழைகின்றன. ரெக்ஸின் விறைப்பானது, மடிப்பில் பூச்சு உரியும். வெள்ளைப் பசை மரத்துக்குள் ஊறி இறுகிவிட்டால் அடுத்த முறை பிரிக்கும்போது மரமே பிய்ந்து வரும். விலங்குத் தோலிலிருந்து செய்யும் பழைய வஜ்ஜிரப் பசைதான் சரி. சில மணி நேரம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரி அளவில் உருக்க வேண்டும். கொதித்தால் பிடிப்புப் போய்விடும். பின்னாளில் சூடும் ஈரமும் காட்டினால் சேதமில்லாமல் கழன்று வரும்.

துருத்திக்கு ரப்பர் பூசிய மெல்லிய பருத்தித் துணி வேண்டும். வால்வுக்குச் சாயமும் பூச்சும் இல்லாத மெல்லிய ஆட்டுத்தோல். தோல் பதனிடும் ஆம்பூரும் வாணியம்பாடியும் நமக்குப் பக்கம்தான்; செருப்புத் தோலை வாங்கி வராதீர்கள். முறிந்த நாக்கை மாற்றுவது நுண்ணிய வேலை. வெள்ளிக் கொலுசு செய்யும் சேலத்துப் பட்டறைக் கைகளுக்கு நாக்கைச் சட்டத்தில் பிடிக்கும் சின்ன ரிவெட் அடிப்பது முடியாததல்ல, பழைய சட்டத்தையும் உடைந்த துண்டையும் அளவுக்குக் கொடுத்தால்.

மலையில் உள்ள கருவியை மலையிலேயே பழுது பாருங்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மழைக்காலம் முழுக்க மூடுபனி. அங்கே ஈரத்தில் ஊறிய மரத்தைச் சேலத்து வெயிலுக்கு இறக்கினால் சுருங்கி, ரீடுகள் பதிந்த பலகை வெடிக்கலாம். காற்று கசிந்து, தொடாத சுரமும் சேர்ந்து முனகும். மழை நாளில் கட்டை இறுகி, விரலை எடுத்த பிறகும் ஒலித்தால் பக்கத்தைச் சீவ வேண்டாம். பங்குனியில் அதுவே தளர்ந்து ஆடும். கருவியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மிதிக்கும் இடத்து இடைவெளியில் கம்பி வலை அடியுங்கள், எலி பெரும்பாலும் நுழைவது அந்த வழியாகத்தான்.

– மிதி ஆர்கன் பழுது பார்ப்போர்,
அஸ்தம்பட்டி, சேலம்.