ஆக்சியான் இன்னும் பிடிபடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு சிறுவர் பக்கத்தில் வந்த, கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் கரும்பொருள் பற்றிய கட்டுரையை ஏழாம் வகுப்பு படிக்கும் பேத்தியோடு சேர்ந்து படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் அந்தக் கரும்பொருளாக இருக்கலாம் என்று கருதப்படும் ஆக்சியான் துகளை ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டது போல எழுதியிருந்தீர்கள். அது இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது.

அணுக்கருவுக்குள் செயல்படும் வலுவான விசை பற்றிய ஒரு சிக்கலுக்கு 1977இல் பெச்சே, குவின் என்ற இயற்பியலாளர்கள் இருவரும் வழி சொன்னார்கள். அது சரியென்றால் புதுத் துகள் ஒன்று இருந்தாக வேண்டும் என்று அடுத்த ஆண்டே வைன்பெர்க்கும் வில்செக்கும் காட்டினார்கள். சிக்கலைத் துடைத்தெடுக்கும் துகளாயிற்றே என்று ஒரு சலவைப் பொடியின் பெயரையே வில்செக் அதற்கு வைத்துவிட்டார்! பேத்திக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

தேடும் விதத்தையும் சொல்லியிருக்கலாம். அமெரிக்காவின் சியாட்டிலில், கடுங்குளிரில் வைத்த உலோகக் கலத்தைச் சுற்றி வலுவான காந்தம். உள்ளே வரும் ஆக்சியான் மைக்ரோ அலையாக மாறக்கூடும். எந்த அலைவரிசை என்று தெரியாததால், பழைய ரேடியோவில் ஸ்டேஷன் தேடுவது போல மெல்லத் திருகிக்கொண்டே போகிறார்கள். இதுவரை வெறும் இரைச்சல்தான்.

"இல்லாததையா தாத்தா தேடுறாங்க?" என்கிறாள் பேத்தி. அதற்கு அடுத்த வாரம் நீங்களே பதில் எழுதுங்களேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்